அடிஸ் அபாபாவில் தெருவில் பழகியவர் காபிக்குக் கூப்பிட்டால்

அடிஸ் அபாபாவுக்கு வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2019 நவம்பரில் பியாஸா என்ற பகுதிக்குப் பக்கத்தில் ஒரே மாலையில் 3,200 பிர் (எத்தியோப்பியப் பணம்) பறிகொடுத்தேன். அன்றைய மதிப்பில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். பணம் போனதைவிட, எதைக் காட்டி என்னை வரவழைத்தார்கள் என்பதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

அப்போது எத்தியோப்பியாவின் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கத் தலைநகருக்கு வந்திருந்தேன். மதியமே வேலை முடிந்ததால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், அந்த ஊர்க்காரர்கள் ‘திங்கினேஷ்’ என்று கொண்டாடும் லூசி என்ற மனித மூதாதையின் எலும்புக்கூட்டு நகலைப் பார்த்தேன். அசல் எலும்புகள் 32 லட்சம் ஆண்டுப் பழையவை. அங்கிருந்து அரட் கிலோ வழியாகப் பியாஸாவுக்கு நடந்தேன். ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருப்பதால், லேசான மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கும். நான் நின்ற இடத்தில் ஓர் இளைஞன் பக்கத்தில் வந்தான்.

“இந்தியாவா சார்? எங்க அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது இந்திய வாத்தியார்தான்.”

இந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் நம் நாட்டிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் போய் அங்குள்ள பள்ளிகளில் வேலை பார்த்தார்கள். பேருந்திலும் காபிக்கடையிலும் எத்தனையோ பெரியவர்கள் இதே வார்த்தையை என்னிடம் உண்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். பொய்யாகவும் ஒருவன் சொல்லுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நின்றுகொண்டே குடிக்கும் ஒரு கடையில் மக்கியாத்தோ என்ற பால் காபி வாங்கித் தந்தான். காசை அவனே கொடுத்தான், என்னைக் கொடுக்க விடவில்லை. அப்புறம் சொன்னான்: “இன்னிக்கு மரியாம் நாள். எங்க வீட்டுப் பக்கத்தில் மாணவர்கள் கூடி காபி போடுவோம், ஊர் ஆட்டம் ஆடுவோம். ஒரு மணிக்கு வாங்க.” உடனே அவனே திருத்தினான்: “உங்க கணக்குக்கு ராத்திரி ஏழு.” அங்கே சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் மணிக்கணக்கு புதிதாகத் தொடங்குகிறது, அதனால் நம் ஏழு அவர்களுக்கு ஒன்று. அதை அவ்வளவு அக்கறையாக விளக்கியதில் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடிவிட்டது.

மரியாம் நாள் என்பதை யோசித்துப் பாருங்கள். எத்தியோப்பிய நாட்காட்டி வேறு, மாதங்கள் பதின்மூன்று. ஒவ்வொரு மாதமும் 12 மிக்காயேலுக்கு, 19 கப்ரியேலுக்கு, 21 மரியாமுக்கு (மேரி மாதாவுக்கு) என்று தேதிகள் புனிதர்களுக்கு உரியவை. அதனால் எந்த நாளைக் காட்டி விசேஷம் என்று சொன்னாலும் வெளியூர்க்காரர் நம்பிவிடுவார். பிறகு விசாரித்தபோது, அன்று அவர்கள் கணக்கில் 4-ஆம் தேதி.

போன வீட்டில் தரையில் பச்சைப்புல் பரப்பியிருந்தது. சாம்பிராணிப் புகை, தட்டு நிறையச் சோளப்பொரி. பார்த்ததும் மனம் இளகிவிட்டது. ஆனால் காபிக்கொட்டையை யாரும் வறுக்கவில்லை. உண்மையான காபிச் சடங்கில் பச்சைக் கொட்டையைக் கழுவி, கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டி, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று வரும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். இங்கே போட்டுவைத்த காபி ஒரு சுற்று வந்தது, அதோடு சரி. அடுத்த நிமிடமே தேன் மதுவான தேஜ், குடுவை குடுவையாக இறங்கியது. நான் குடிப்பதில்லை என்றேன். “பரவாயில்லை, இவர்களுக்கு?” என்று அங்கிருந்த மற்றவர்களைக் காட்டிக் கேட்டான். விருந்து கொடுக்கிறவன் கேட்கிறான் என்று நினைத்துத் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பைத்தான் ஆர்டராகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மூன்று பெண்கள் தோளைக் குலுக்கி எஸ்கிஸ்தா ஆடினார்கள்.

கிளம்பும்போது நோட்டுத் தாளில் பில் வந்தது. 6,800 பிர். தேஜ், ஆட்டம், ‘வீட்டுச் செலவு’. கதவருகே இரண்டு பேர் வந்து நின்றார்கள். யாரும் கையை ஓங்கவில்லை, மரியாதையாகவேதான் பேசினார்கள். என்னை அழைத்துவந்தவன் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையில் இருந்த 3,200-ஐ வைத்துவிட்டு, கார்டு விடுதியில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து விட்டார்கள்.

மறுநாள் அங்குள்ள நண்பர் ஒருவருடன் காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த வீடு என்று கேட்டார்கள். அந்த ஊரில் தெருப்பெயர், கதவு எண்ணைவிட ‘இந்தத் தேவாலயத்துக்குப் பின்னால், அந்த பேங்குக்கு எதிரே’ என்று அடையாளம் சொல்வதுதான் வழக்கம். இருட்டில் இரண்டு மூன்று சந்து திரும்பிப் போன எனக்கு எந்த அடையாளமும் நினைவில் இல்லை. இந்த வலையில் வெளிநாட்டுக்காரர்கள் விழுவது இது முதல்முறை இல்லை என்று நண்பர் சொன்னார். நான் முன்பே கேட்டுவைத்திருக்க வேண்டும்.

“நீங்க தங்கியிருக்கும் ஹோட்டலில்தான் நான் வேலை பார்க்கிறேன், அடையாளம் தெரியலையா?” என்றும் தொடங்குவார்களாம். எந்த ஹோட்டல் என்று திருப்பிக் கேளுங்கள். தெருவில் அன்றே பழகியவர் அன்று ராத்திரியே வீட்டுக்குக் கூப்பிட்டால், போகவே வேண்டாம். பாட்டும் ஆட்டமும் பார்க்க ஆசையா? மசின்கோ என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் வாசித்து, எதிரில் இருப்பவரைப் பற்றி அங்கேயே பாட்டுக் கட்டும் அஸ்மாரிகள் இருக்கும் இடத்துக்குத் தெரிந்தவருடன் போங்கள். பாட்டு பிடித்தால் பிர் நோட்டைப் பாடகரின் நெற்றியில் ஒட்டுவது அங்கே வழக்கம், எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். ஆனால் எதையும் மேசையில் வைக்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டால் சண்டை போடாதீர்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஏடிஎம்முக்கு மட்டும் அவர்களோடு போகாதீர்கள்.

வேலை பார்த்த தெற்கு ஊருக்குத் திரும்பியதும், நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவிடம் சொன்னேன். காபி என்று சொல்லியா கூப்பிட்டார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். “அய்ஸோ” என்றார். மனதைத் தளர விடாதே என்று அர்த்தம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மூன்றாவது சுற்று முடியும் வரை என்னை எழுந்திருக்க விடவில்லை.