தூண் இல்லாத கல்யாண மண்டபம்: ஒரு பந்தல்காரனின் மதிப்பீடு

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மணமேடையைப் பார்க்கிறார்கள், சமையற்கட்டைப் பார்க்கிறார்கள், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிறார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பவர் அபூர்வம். நான் பந்தல் போடும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கே போனாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் இந்த மண்டபத்தைப் பற்றி எழுதக் காரணம் அதுதான்.

அகலம் நூறடி இருக்கும். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கத்துப் பழைய மண்டபங்களில் கெட்டிமேளம் கொட்டியதும் தூணுக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் எழுந்ததும் பின்வரிசைக்கு எல்லாமே மறைந்துவிடும். இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா, நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டதை நாற்காலியை விட்டு எழாமலே பார்த்தார்.

தூணை எடுத்துவிட்டால் பாரம் எங்கே போகும்? பதில் வெளியே இருக்கிறது. இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி, கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் இரும்புக் கம்பங்கள். அவற்றின் உச்சியிலிருந்து எஃகு வடங்கள் சரிந்து இறங்கி, கூரை உத்திரங்களை நடுவில் இரண்டு இடங்களில் பிடித்திருக்கின்றன. மறுபக்கம் இறங்கும் வடங்கள் தரையில் புதைத்த கான்கிரீட் கட்டைகளில் முடிகின்றன. நூறடி உத்திரத்தை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கினால், தொய்யாமல் இருக்க அது இடுப்பளவு உயரமாவது இருக்க வேண்டும். நடுவிலும் பிடித்துக்கொண்டால் அதே உத்திரம் மூன்று சின்ன உத்திரங்களைப்போல வேலை செய்யும். இரும்பும் மிச்சம், கூரையும் இலேசு. வடத்துக்கான கம்பி, சாதாரண ஆங்கிள் இரும்பைவிடப் பல மடங்கு இழுவை தாங்கக்கூடியது.

எங்கள் தொழிலில் இழுகயிறு கட்டும் எவருக்கும் ஒன்று தெரியும்: கயிறு படுக்கப் படுக்க இழுவை கூடும். தரையோடு 30 டிகிரி சாய்வில் இருக்கும் வடம் ஒரு டன்னைத் தூக்க இரண்டு டன் இழுவையைத் தாங்க வேண்டும். அதனால்தான் கம்பங்கள் அவ்வளவு உயரம். செலவைக் குறைக்கிறேன் என்று கம்பத்தைக் குட்டையாக்காத அந்தப் பொறியாளரை மனதாரப் பாராட்டுகிறேன்.

காற்றுதான் பெரிய சோதனை. வடம் இழுக்கும், தள்ளாது. சித்திரை மாதக் கோடை மழைக்கு முன்னால் சேலத்தில் அடிக்கும் சூறைக்காற்று தகரக் கூரையைக் கீழிருந்து தூக்கும். அப்போது மேலிருந்து பிடிக்கும் வடம் தொளதொளத்துவிடும், கூரை படபடக்கும். அமெரிக்காவின் ராலே நகரில் 1952இல் கட்டி முடித்த, வடங்களில் கூரை தொங்கும் அரங்கில் இதற்கு அழகான வழி கண்டார்கள்: ஒரு திசையில் தொங்கும் வடங்கள், குறுக்கே எதிர்ப்புறம் வளைந்த வடங்கள். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிரைச் சேணம்போலக் கூரை நிற்கிறது. இந்த மண்டபத்தில் உத்திரங்களைக் கீழ்நோக்கி இழுக்கும் தனி வடங்களைச் சுவரோரமாக இறக்கியிருக்கிறார்கள். தோரணம் கட்டுபவர்கள் அவற்றில் கை வைக்கக் கூடாது.

வெளியே சுற்றி வந்து, வடத்தை முறுக்கி இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் ஒவ்வொன்றையும் பார்த்தேன். திருகில் கிரீஸ் இருந்தது, சுழலாமல் பூட்டுக்கம்பி இருந்தது, நட்டின்மேலும் மரையின்மேலும் சேர்த்து இழுத்த சிவப்புப் பெயிண்ட் கோடு முறியாமல் இருந்தது. நட்டு சற்றே சுழன்றாலும் அந்தக் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப் பராமரிப்பவர்களை நம்பலாம்.

குறை இல்லாமல் இல்லை. சமையற்கட்டுப் பக்கத்துக் கான்கிரீட் கட்டையைச் சுற்றிப் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்குகிறது. வடம் கட்டைக்குள் நுழையும் இடத்தில் துரு தலைகாட்டுகிறது. மொத்தப் பாரமும் வந்து சேரும் இடம் அது. உடனே வாய்க்கால் வெட்ட வேண்டும். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இறங்கும் வடங்களைச் சுற்றித் தடுப்புக் குழாயும் இல்லை. பின்னோக்கி வரும் வேன் ஒன்று இடித்தால் போதும். மேலாளரிடம் இரண்டையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். தகரக் கூரை என்பதால் நாதஸ்வரமும் தவிலும் எதிரொலித்துக் காதை அடைக்கின்றன. மேளக்காரர்களுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகை பழைய மண்டபங்களைவிடக் கூடுதல்.

பெரிய கூட்டம் வரும் கல்யாணமென்றால் இதையே எடுக்கச் சொல்வேன். முன்பதிவுக்குப் போகும்போது, வடங்களைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். மேலாளர் மேசையில் அதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்.