ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா? வீட்டுக் கணினிக்கு எந்த பேக்கப்?

கணினியில் இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், சான்றிதழ், வரிக் கணக்கு எல்லாம் ஒரு பக்கம். மொத்தமே சில ஜிபிதான் வரும். போட்டோவும் கல்யாண வீடியோவும் மறுபக்கம். இவை அரை டிபியை, அதாவது 500 ஜிபியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பெரிதான இந்த இரண்டாவது வகைக்கு என் ஓட்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) வேகம் கிடைத்தால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். அதையே 10 எம்பிபிஎஸ் (இது நொடிக்கு மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) அப்லோடில் கிளவுடுக்கு அனுப்பினால், இரவும் பகலும் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் சரி, ஏறக்குறைய ஒரு நாள். விளம்பரத்தில் போடும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு எவ்வளவு என்று தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

கடைக்காரர் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வாங்கச் சொல்வார். வேகமானதுதான், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். மேலும் அது தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே காட்டாமல் நெடுநாள் வைத்தால் அந்த மின்னூட்டம் கசியும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், அலமாரியில் தூங்கப்போகும் பேக்கப்புக்கு அது எதற்கு? பென் டிரைவ் எடுத்துப்போய்க் கொடுப்பதற்கு, அவ்வளவுதான். டிவிடி ஒன்றில் 4.7 ஜிபி, அரை டிபிக்கு நூறு தட்டுக்கு மேல் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கின் பலவீனம், அது கணினி இருக்கும் வீட்டிலேயே இருப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதும் செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கிளவுடு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. சான்றிதழ் வகையறாவுக்கு கூகுள் தரும் இலவச 15 ஜிபி போதும், ஜிமெயிலும் போட்டோஸும் அதே 15 ஜிபியில்தான் பங்கு கேட்கும் என்பதை மறக்காதவரை. ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபிதான். விண்டோஸ் டெஸ்க்டாப் ஃபோல்டரை அதற்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் அதுவும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் இவை அடிப்படையில் சிங்க் சேவைகள், கணினியில் இருப்பதை அப்படியே அங்கேயும் காட்டுபவை. கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு போய்விடும்.

நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருக்கும் டிஸ்க் பெட்டி, பற்றியும் கேட்பார்கள். வீட்டில் நான்கைந்து கணினியும் அவற்றை நோண்ட ஒரு ஆளும் இருந்தால் வாங்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவது, ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் காப்பாற்றும். நீங்களே தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும்.

ஆக, சான்றிதழ்கள் கிளவுடிலும் டிஸ்க்கிலும். போட்டோவுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வரலாம். கிளவுடுக்கு மாதாமாதம் கட்டும் காசும் மிச்சம். வெளியே போகும் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர், ஹோம் பதிப்பு என்றால் இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட்.