அயர்லாந்து உள்ளாட்சித் தேர்தல்: எண்ணும் முறைக்கு ஐந்துக்கு ஐந்து, கவுன்சிலுக்கு இரண்டரை

"அண்ணா, எனக்கு ஸ்டாம்ப் 4கூட இன்னும் வரல, எனக்கு எப்படி இங்க ஓட்டு இருக்கும்?" என்று கூட வேலை பார்க்கும், ஸ்டாம்ப் 4 என்கிற குடியிருப்பு அனுமதிக்குக் காத்திருக்கும் கடலூர்க்காரத் தம்பி 2024 மே மாதம் கேட்டார். இருக்கிறது. அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் யாரும் குடியுரிமை கேட்பதில்லை; 18 வயது ஆகியிருக்க வேண்டும், இங்கே வசிக்க வேண்டும், வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை பெர்மிட்டில் வந்தவர், படிக்க வந்தவர், புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர் எல்லாருக்கும் ஒரே ஓட்டுச்சீட்டு. நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டும், ஜனாதிபதித் தேர்தலுக்கும் பொதுவாக்கெடுப்புக்கும் ஐரிஷ் குடிமக்கள் மட்டும், ஆனால் கவுன்சிலுக்கு நாமும் உண்டு. இது தெரியாமலேயே பத்து வருஷம் இங்கே ஓட்டிய தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் 2019-இலும் 2024-இலும் போட்டேன். இரண்டு முறை பயன்படுத்திய தைரியத்தில்தான் இந்த விமர்சனம்.

பதிவு செய்வது சுலபம். பி.பி.எஸ். எண்ணும் (ஆளுக்கொன்றாக அரசு தரும் அடையாள எண்) ஏர்கோடும் (வீட்டின் அஞ்சல் குறியீடு) இருந்தால் ஆன்லைனில் பத்து நிமிஷ வேலை. ஆனால் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள், ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே பதிவை மூடிவிடுகிறார்கள், தம்பி அதில்தான் நூலிழையில் தப்பினார்.

அப்புறம் வாசலுக்கு ஆள் வர ஆரம்பிக்கும். இங்கே ஒலிபெருக்கி வண்டி கிடையாது, வேட்பாளரே மழையில் நனைந்துகொண்டு கதவைத் தட்டுவார். முதல் தடவை வந்தவரிடம், வேறொருவருக்குப் போடுவதாக முடிவு செய்துவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், மனுஷன் முகம் வாடிவிடுமே என்று பயம். அவரோ சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, உங்கள் இரண்டாவதை எனக்குத் தருவீர்களா, இல்லை மூன்றாவதையாவது, என்றார். எதிராளிக்கு ஓட்டுப் போடுகிறவனிடமும் ஒருவர் மரியாதையாகப் பேசியாக வேண்டும் என்கிற நிலைமையை ஒரு தேர்தல் முறை உண்டாக்கி வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய கட்சிகள் ஒரே ஏரியாவில் இரண்டு மூன்று பேரை நிறுத்துவதால் சொந்தக் கட்சிக்காரர்களுக்குள்ளேயே பனிப்போரும் நடக்கும். இந்தத் தெருக்காரர்கள் எனக்கு 1 போடுங்கள், அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் அவருக்கு 1 போடட்டும் என்று கட்சி பங்கு பிரித்துக் கொடுக்கும், அதையும் மீறி ஒருவர் அடுத்தவர் தெருவில் நுழைந்துவிட்டார் என்று புகார் கிளம்பும். போஸ்டர் எல்லாம் விளக்குக் கம்பங்களில்தான். தேர்தல் முடிந்து ஏழு நாளில் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். போஸ்டரைக் கழற்றிவிடுகிறார்கள், கட்டிய பிளாஸ்டிக் பட்டையை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஓட்டுச்சாவடி அனுபவம்: காலை 7 முதல் இரவு 10 வரை, வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. பள்ளிக்கூட ஹால், வரிசையே இல்லை, விரலில் மை இல்லை (கொஞ்சம் ஏமாற்றம்தான், செல்ஃபிக்கு எதைக் காட்டுவது). இயந்திரமும் கிடையாது, ஒரு பென்சில், ஒரு காகிதம். சீட்டில் வேட்பாளர் படமும் கட்சிச் சின்னமும் இருக்கும், பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில். மேலே இருப்பவருக்கு இதனால் கொஞ்சம் லாபம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்ட நம் ஆட்கள் யாராவது நிற்பதாக இருந்தால் அப்பா பெயர் 'அ'வில் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் அப்பா வைத்தியநாதன், நமக்கு அந்த ஆசை வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிடித்தவருக்கு 1, அடுத்து 2, அப்படியே மனசு போகும் வரை 3, 4, 5. நம்மூரில் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எழுதுகிறார்களே, அதே ஒற்றை மாற்று வாக்கு முறைதான், அங்கே எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது இங்கே நம் கைக்கே கிடைக்கிறது. நாடு முழுக்க 166 உள்ளாட்சித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 3 முதல் 7 இடங்கள், மொத்தம் 949 கவுன்சிலர்கள், 31 கவுன்சில்கள். எங்கள் ஏரியாவில் 5 இடங்கள், 14 பேர் நின்றார்கள். ஜெயிக்கத் தேவையான கோட்டா எப்படி வருகிறது என்றால், செல்லுபடியான ஓட்டுகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, வருகிற விடையோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 12,000 ஓட்டு, 5 இடம் என்றால் 12,000-ஐ 6-ஆல் வகுத்து 2,000, கூட ஒன்று, 2,001. அதைத் தொட்டவர் ஜெயித்தார். அதற்கு மேல் வாங்கிய உபரி அவருடைய ஆட்களின் அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் பிரியும். யாரும் கோட்டாவைத் தொடாவிட்டால் கடைசியில் இருப்பவரை வெளியேற்றி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு நகர்த்துவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். முக்கியமாக ஒன்று: 4, 5 என்று கீழே எழுதுவதால் உங்கள் 1-க்கு ஒரு நஷ்டமும் வராது, ஏனென்றால் மேலே இருப்பவர் கதை முடிந்த பிறகுதான் கீழே இருப்பவரைப் பார்ப்பார்கள். என் மனைவி 1 மட்டும் போட்டுவிட்டு வந்து, "எனக்கு அவரைத்தான் பிடிக்கும், மத்தவங்களுக்கு எதுக்குப் போடணும்?" என்றாள். அவர் வெளியேறியபோது அந்தச் சீட்டு மாற்ற முடியாத ஓட்டு என்று ஓரமாக ஒதுங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் ஒரு தடவைதான்.

என் சீட்டின் பயணத்தைச் சொல்கிறேன். என்னுடைய 1 ஒரு சுயேச்சை, ஐந்தாவது சுற்றில் வெளியேறினார். என்னுடைய 2 அதற்கு முன்பே மூன்றாவது சுற்றில் போய்விட்டார், என்னுடைய 3 முதல் சுற்றிலேயே கோட்டா தாண்டி ஜெயித்துவிட்டார், ஆக சீட்டு அந்த இருவரையும் தாண்டி நேராக 4-ஆம் ஆளிடம் போனது. அவரும் ஒன்பதாவது சுற்றில் காலி. கடைசியில் 5-ஆம் ஆளிடம் போய் உட்கார்ந்தது, அவர் பதினோராவது சுற்றில், கோட்டாவைத் தொடாமலே, மிச்சமிருந்தவர்களில் முன்னால் இருந்ததால் கடைசி இடத்தைப் பிடித்தார். ஓட்டு யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் சுற்றுவாரி அட்டவணையை வெளியிடுவதால் என் வரிசையை நானே வைத்துக்கொண்டு பின்தொடர முடிந்தது. ஊரில் என் தொகுதியில் நான் போட்டவர் தோற்றால் அன்றைக்கே என் ஓட்டுக்கு எள்ளும் தண்ணியும் தெளித்தாயிற்று என்று அர்த்தம். இங்கே நாலு முறை அடிபட்டும் எழுந்து நடந்து போய்ச் சேர்ந்தது.

எண்ணுகிற இடத்துக்கு ஒரு வேட்பாளரின் ஆளாக பாஸ் வாங்கிக்கொண்டு போனேன், அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஆறாவது நட்சத்திரம் இருந்தால் கொடுப்பேன். சனிக்கிழமை காலை பெட்டிகளைத் திறந்து சீட்டுகளை முகம் மேலே தெரியப் பிரிக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சி டேலிக்காரர்களும், அதாவது தங்கள் கட்சிக்காக ஓட்டைக் கணக்கெடுக்க வந்தவர்களும், கிளிப்போர்டும் பேனாவுமாகச் சாய்ந்து நின்று ஒவ்வொரு 1-ஐயும் கோடு போட்டுக் கணக்கெடுக்கிறார்கள். அடித்துக்கொள்கிற கட்சிகள் அந்தக் கணக்கை மட்டும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பெட்டி பெட்டியாக எடுப்பதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடுகிறது, அதிகாரபூர்வமான முதல் சுற்று வருவதற்குள் ஒரு பெரியவர் ஐந்தில் நான்கு பேரைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஐந்தாவது இடம்தான் ராத்திரி வரை இழுத்தது. ஜெயித்தவரைத் தோளில் தூக்கிக் கத்துவது மட்டும் நம்மூர் மாதிரியே.

இந்தக் கைவேலையை ஒழித்து இயந்திரம் கொண்டுவரவும் பார்த்தார்கள். 2002 பொதுத் தேர்தலில் மூன்று தொகுதிகளில் சோதனை, 2004 உள்ளாட்சித் தேர்தலுக்கு நாடு முழுக்க என்று திட்டம், சுமார் 7,500 இயந்திரம், 5 கோடி யூரோவுக்கு மேல் செலவு. எண்ணியது சரிதானா என்று சரிபார்க்கக் காகிதமே இல்லையே என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கைவிட்டார்கள், வருஷக்கணக்கில் வாடகை கொடுத்து குடோனில் வைத்திருந்து 2012-இல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். முறையையே மாற்றுவதற்கும் 1959-இலும் 1968-இலும் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் பிரிட்டிஷ் பாணிக்குப் போகலாமா என்று. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1919-இல் ஸ்லைகோ நகராட்சியில் முதலில் ஓட்டிப் பார்த்த வண்டி, நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. உபரி பிரிப்பதைக் கூர்ந்து பார்த்தால் ஒரு நெருடல். முதல் சுற்றில் ஒருவருக்கு 600 உபரி என்றால், அவருடைய எல்லாச் சீட்டுகளிலும் அடுத்த விருப்பத்தைப் பார்த்து விகிதம் கணக்கிடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்த விகிதப்படி எந்தச் சீட்டுகள் நகரும் என்பதற்கு, கட்டின் மேலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்த சீட்டுகளில் மூன்றாவது, நான்காவது விருப்பம் என்ன இருக்கிறது என்பது அதிர்ஷ்டம். சீட்டுகளை முன்கூட்டியே நன்றாகக் கலக்கிவிடுவதால் பெரிதாகத் தப்பு வராது என்கிறார்கள், வராதுதான், ஆனால் செனட் என்கிற நாடாளுமன்ற மேலவையின் பெரும்பாலான இடங்களுக்கு நடக்கும் தேர்தலில் ஒவ்வொரு சீட்டுக்கும் 1,000 மதிப்பு என்று வைத்துக்கொண்டு பின்னம் வரை பிரிக்கிறார்கள். அந்த செனட் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் யார்? இதே கவுன்சிலர்கள். அவர்கள் ஓட்டுக்குத் தங்கத் தராசு, நம் ஓட்டுக்குக் கைப்பிடி அளவு.

இப்போது கவுன்சில். இங்கேதான் மதிப்பெண் விழுகிறது. இவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்த ஆளிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்த்தால், போலீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பஸ் இல்லை, குடிதண்ணீர்கூட 2014-க்குப் பிறகு தேசிய நிறுவனத்திடம் போய்விட்டது. அதே 2014-இல் 80 டவுன் கவுன்சில்களையும் ஒரேயடியாக இழுத்து மூடிவிட்டார்கள். மிச்சம் வீட்டுவசதி, உள்ளூர்ச் சாலை, பூங்கா, நூலகம், கட்டட அனுமதி. அதிலும் அன்றாட முடிவுகளை எடுப்பவர் தேர்தலில் நிற்காத, நியமன அதிகாரியான தலைமை நிர்வாகி, நம்மூர் மாநகராட்சி ஆணையர் மாதிரி. கவுன்சிலர்கள் வளர்ச்சித் திட்டத்தையும் பட்ஜெட்டையும் நிறைவேற்றலாம், சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். மேயர் பதவி பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு கவுன்சிலர் கழுத்தில் மாறி மாறி ஏறுகிற பதவிச் சங்கிலிதான். லிமரிக் மட்டும் விதிவிலக்கு, 2024-இல் அங்கே ஜான் மோரன் என்ற சுயேச்சையை மக்களே நேரடியாக மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட வருவது பாதிப் பேர்தான், எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. வண்டி பிரமாதம், போகிற ஊர்தான் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனாலும் நம்மைப் போல வந்தேறியவர்களுக்கு இந்தச் சின்ன ஊர் பெரிய வாசல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நைஜீரியாவிலிருந்து புகலிடம் தேடி 2000-இல் வந்த ரோட்டிமி அடெபாரி 2007-இல் போர்ட்லீஷ் மேயர் ஆனார். அங்கமாலிக்காரரான பேபி பெரேப்பாடன் 2024-இல் தெற்கு டப்ளின் மேயர் ஆனபோது எங்கள் ஆபீஸ் மலையாளிகள் கேக் வெட்டினார்கள், நாங்களும் சாப்பிட்டோம். ஐந்து, ஆறு இடம் இருக்கும் தொகுதியில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு சேர்த்தால் போதும் என்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியாக, விற்பனைக்குப் பிந்தைய சேவை. நாலு பேரைத் தாண்டி என் ஓட்டு போய்ச் சேர்ந்த அந்த ஐந்தாவது விருப்பம் இருக்கிறாரே, அவர் 2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்கச் சட்டம் விடாது, சரி. அப்படியானால் இடைத்தேர்தல் வரும் என்று தம்பியிடம் சொல்லி வைத்தேன். வரவில்லை. உள்ளாட்சியில் இடைத்தேர்தலே கிடையாது, அந்தக் கட்சி ஒரு பெயரைக் கொடுக்கும், கவுன்சில் சேர்த்துக்கொள்ளும், மீதி நாலரை வருஷமும் அவர்தான். பதினோரு சுற்று எண்ணியது எதற்கு என்று இரண்டு நாள் கடுப்பில் இருந்தேன்.

எங்கள் தெருமுனை விளக்கு ஒன்று எரியாமல் கிடந்தது. பழையவருக்கு மூன்று மின்னஞ்சல் போட்டிருந்தேன், தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. புதியவருக்கு ஒன்று போட்டேன், மறுநாளே போன் செய்தார், இரண்டு வாரத்தில் விளக்கு எரிந்தது. ஓட்டுச்சீட்டில் இருந்த 14 பேரில் அவர் இல்லவே இல்லை.