யூஃபோர்பியா மிலி: சென்னை மொட்டைமாடியில் சில வருடங்கள் வளர்த்த பிறகு

நர்சரியில் "கிரவுன் ஆஃப் தார்ன்ஸ்" என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். மடகாஸ்கர்ச் செடி; நம்மூர் சதுரக்கள்ளிக்கு உறவு. நல்ல வெயில் கிடைத்தால் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் பூக்கும். மே மாத மாடிச் சூட்டையும் பெசன்ட் நகர்ப் பக்கத்து உப்புக் காற்றையும் தாங்கிவிடும். இங்கே இதைச் சாகடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். படத்தில் மஞ்சள்பச்சையாக மின்னும் ஐரோப்பிய யூஃபோர்பியா விதைகளை ஆன்லைனில் பார்த்து மயங்க வேண்டாம்; அவை குளிர்தேசத்துக்கானவை.

மண் கலவையை மழையை மனதில் வைத்தே போட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. எம் சாண்ட் (கல்லை அரைத்த மணல்) என்றால் சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள். தூள் இறுகினால் தண்ணீர் இறங்காது. நர்சரிச் செடி பெரும்பாலும் கோகோபீட்டில்தான் (தேங்காய் நார்த்தூள்) வரும். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் வேரைச் சுற்றி மட்டும் ஈரம் தேங்கி நிற்கும். முடிந்தவரை உதிர்த்துவிட்டு நடுங்கள். 10 அங்குல மண் தொட்டி தாராளம். அடியில் தட்டு வைக்காமல், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கோடையில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடைமழை தொடங்கியதும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துவது நல்லது. அப்போது வெளிச்சம் குறைந்து இலை மஞ்சளாகிக் கொட்டும். பலரும் செடி வாடுகிறது என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கேதான் செடி போகிறது. தண்டைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பயமில்லை, வெயில் வந்ததும் துளிர்க்கும். அடித்தண்டு மெத்தென்று பழுப்பாக இருந்தால் வேர் அழுகிவிட்டது. அந்த வேரைக் காப்பாற்ற முயல்வது வீண். உள்ளே வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்டி, மேல்பகுதியைப் புதிதாக ஊன்றுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து ஹைபிரிட்களில் பூங்கொத்து பெரிது, தண்டும் தடிமன். ஆனால் மழை ஈரத்தில் அழுகல் இவற்றில்தான் அதிகம். சின்னப் பூ வைக்கும் பழைய சிவப்பு ரகம் எதற்கும் அசையாது. மழைக்கு நகர்த்த இடமில்லாதவர்கள் அதையே வாங்கலாம்.

வெயில் 5, 6 மணி நேரமாவது வேண்டும். நிழலில் தண்டு நீண்டு, பூ நின்றுவிடும். யூரியா போட்டால் இலைதான் பெருக்கும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும், மழை மாதங்களில் அதுவும் வேண்டாம்.

மாவுப்பூச்சி வந்தால் சோப்புக் கரைசல் அடிக்காதீர்கள். இந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிடுங்கள். வேப்பெண்ணெய் என்றால் இரண்டு இலையில் மட்டும் மாலையில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கவாத்துக்குத் தை, மாசி சரியான காலம். வெட்டிய நுனியில் 4 அங்குலத் துண்டுகளாக எடுத்து, வெட்டுவாயில் வடியும் வெள்ளைப் பால் நிற்கும் வரை அதைத் தண்ணீரில் முக்கி, நிழலில் நான்கைந்து நாள் காயவைத்து, ஈரம் குறைந்த மணலில் ஊன்றுங்கள். காயாமல் ஊன்றினால் அழுகும்.

அந்தப் பால் விஷயத்தில் அலட்சியம் கூடாது. தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டே வெட்டுங்கள், கத்தரியையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குழந்தைகளோ நாயோ உள்ள வீட்டில் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம், எட்டாத உயரத்தில் ஸ்டாண்ட் போட்டு வைப்பதே பாதுகாப்பு.