சான்சா கிளிப் பிளஸ்: சட்டைப் பைக்கு ஓபஸ் போதும்

2009இல் சான்டிஸ்க் விட்ட சான்சா கிளிப் பிளஸ் என்ற குட்டி மியூசிக் பிளேயர் இன்னும் என் சட்டைப் பையில்தான். பழைய சரக்கு, ஆனால் எம்பி3, ஆக் வோர்பிஸ், ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) எல்லாம் பாடும். ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளை ஏற்றினால் ஓபஸ் என்ற கோப்பு வகையும் சேரும். நான்கு நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3இல் 9.6 எம்பி (மெகாபைட்). ஃப்ளாக் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பேருந்து இரைச்சலில் என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். 128 கேபிபிஎஸ் எம்பி3இல் மட்டும் ஜால்ரா சத்தம் உடைந்து கேட்கிறது, தாங்கவில்லை. அதனால் சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் வீட்டுக் கணினியில், பிளேயரில் 128 ஓபஸ். பாட்டுக்கு 4 எம்பிகூட ஆகாது. 128 எம்பி3ஐ 320 ஆக மாற்றித் தருகிறேன் என்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், கோப்புதான் பெருக்கும். அப்புறம், திரை ரொம்பப் பொடிசு. பாட்டைத் தேடப் பொறுமை வேண்டும்.