ரிச்சி தெருவில் வாங்கிய ஜப்பான் போன்: நெட் வந்தது, கால் வரவில்லை

போன் நல்ல போன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே நான் புலம்பப் போவதைப் படித்துவிட்டு ஏதோ டப்பாவை வாங்கி ஏமாந்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். 8,500 ரூபாய்க்கு இந்தத் திரையும் இந்தக் கேமராவும் புதுப் போனில் கிடைக்காது. முதுகில் ஒரு கீறல்கூடக் கிடையாது. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், பழைய போனில் அந்த ரப்பர் ஓரமெல்லாம் இந்நேரம் எப்படி இருக்குமோ, நான் முக்கிப் பார்க்கவில்லை. என்ன கம்பெனி, என்ன மாடல் என்று கேட்காதீர்கள், நான் எழுதப்போவது ஜப்பானில் சிம் நிறுவனங்கள் மூலம் விற்று, பிறகு இங்கே செகண்ட் ஹேண்டாக வந்து சேரும் போன்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

அம்மாவுக்காக வாங்கியது. அவருடைய பழைய போனில் வாட்ஸ்அப் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். நங்கநல்லூரிலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். நான் போனது ஒரு சனிக்கிழமை மதியம், வெயிலில் மண்டை காய, தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். "ஜப்பான் பீஸ் சார், தைரியமா எடுங்க, ஏழு நாள் செக்கிங் வாரன்ட்டி" என்றார். செக்கிங் வாரன்ட்டி என்றால் போன் ஆன் ஆகிறதா, டிஸ்ப்ளே வருகிறதா, அவ்வளவுதான். பணம் திரும்ப வரும் என்று எடுத்துக்கொண்டால் அது உங்கள் தப்பு.

அங்கேயே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, எடுத்தேன். கேஒய்எம் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் செல்லுமா என்று பதில் வரும். பழைய போன் யாரிடம் வாங்கினாலும் இதைச் செய்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. இவர் சுளிக்கவில்லை. சிம்மைப் போட்டதும் டவர் கோடு நாலும் ஏறியது, அப்படியென்றால் சிம் லாக், அதாவது வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காத பூட்டு, இல்லை. ஜப்பானில் 2021 அக்டோபருக்குப் பிறகு விற்கும் போன்களுக்கு சிம் லாக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள், அதற்கு முந்தைய போன் என்றால் கண்டிப்பாக உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். டவரைப் பார்த்த சந்தோஷத்தில் நான் செய்யாமல் விட்டது இரண்டு: நெட் போட்டுப் பார்க்கவில்லை, ஒரு போன் பண்ணிப் பார்க்கவில்லை. கடையில் வைஃபை இருந்தது, அதில் எல்லாம் ஓடியது, நானும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வைஃபையை அணைத்தால் நெட் இல்லை. கோடு நாலும் இருக்கிறது, பக்கத்தில் 4ஜி என்ற எழுத்து மட்டும் வரவில்லை. ரீஸ்டார்ட், ஏரோப்ளேன் மோட், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுவது என்று எல்லாச் சடங்கும் முடிந்தது. கஸ்டமர் கேரில் (எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை) இருந்த தம்பி மரியாதையாகவே பேசி, கடைசியில் "சார், ஹேண்ட்செட் பிரச்சினை, சர்வீஸ் சென்டர் போங்க" என்றார். ஹேண்ட்செட்டில்தான் பிரச்சினை என்பது சரி, சர்வீஸ் சென்டர் என்பது தப்பு. இரண்டு வார்த்தை டைப் செய்தால் முடிகிற வேலை அது.

விஷயம் இதுதான். நெட் வேண்டுமானால் சிம் நிறுவனத்தின் எந்த வாசல் வழியாக உள்ளே போகவேண்டும் என்று போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாசலின் பெயர்தான் ஏபிஎன், விரித்துச் சொன்னால் அக்சஸ் பாயிண்ட் நேம். சிம்மைப் போட்டவுடன் போன் அதிலிருக்கும் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் படிக்கும், இந்தியாவுக்கு 404, 405, ஜப்பானுக்கு 440, 441. பிறகு தனக்குள் இருக்கும் பட்டியலில் அதற்குப் பொருத்தமான வாசலைத் தேடி எடுத்துக்கொள்ளும். இங்கே விற்கும் போனில் நம் ஊர் நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பதால் நமக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. என் போனின் பட்டியலில் இந்தியாவே இல்லை. செட்டிங்ஸ், நெட்வொர்க், மொபைல் நெட்வொர்க், அதற்குள் அக்சஸ் பாயிண்ட் நேம்ஸ் என்று தேடிப் போய்ப் பார்த்தால் வெள்ளைத் திரை, மேலே ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான்.

கொஞ்சம் வயதானவர்களுக்கு இந்தத் திரையைப் பார்த்தால் பழைய ஞாபகம் வரும். ஏர்செல் பாக்கெட் இன்டர்நெட் காலத்தில் செட்டிங்ஸ் எஸ்எம்எஸ்ஸாக வரும், சேமிக்க ஒரு பின் கேட்கும், 1234 அடித்துப் பார்ப்போம், விழாவிட்டால் நான்கு பூஜ்யம். ப்ராக்ஸிக்கு ஒரு நீள எண், போர்ட்டுக்கு ஒரு நாலு இலக்க எண், இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவன்தான் வகுப்பில் பெரிய ஆள். ஏர்செல்லே 2018-ல் போய்விட்டது, அந்தத் திரை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஒரு வித்தியாசம்: இப்போது ப்ராக்ஸி, போர்ட் இரண்டும் காலியாகவே இருக்கவேண்டும். பழைய ஞாபகத்தில் அந்த எண்களைப் போட்டால் வருகிற நெட்டும் வராது.

கூட்டல் குறியைத் தொட்டால் இருபது கட்டம் வரும், பயந்துவிடாதீர்கள், நிரப்ப வேண்டியது இரண்டுதான். பெயர் என்ற கட்டத்தில் உங்கள் குலதெய்வம் பெயரைக்கூடப் போடலாம், அது நம் அடையாளத்துக்கு. ஏபிஎன் என்ற கட்டம்தான் உயிர். ஜியோ என்றால் ஜியோநெட், ஒரே சொல்லாக. ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். வி (வோடபோன் ஐடியா) என்றால் வெறும் மூன்று டபிள்யூ, அதற்குப் பின்னால் புள்ளி கிள்ளி எதுவும் கிடையாது. எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல். யூசர்நேம், பாஸ்வேர்ட் காலி. ஏபிஎன் ப்ரோட்டோகால் என்ற இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்த தேர்வை வைத்தேன். எம்சிசி (நாட்டு எண்), எம்என்சி (நிறுவன எண்) என்ற கட்டங்களில் சிம்மிலிருந்து தானாக எண் வந்து உட்கார்ந்திருக்கும், அதில் கை வைத்தால் நீங்கள் சேமித்தது பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும், பிறகு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவு எளிது என்றால் எனக்கு ஏன் ஒன்றரை மணி நேரம் ஆனது? முதல் தடவை எல்லாம் அடித்துவிட்டு பேக் பட்டனை அழுத்தினேன், போயே போச்சு. மேல் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால்தான் சேவ் என்ற சொல்லே கண்ணில் படும். இதை வடிவமைத்த புண்ணியவானை ஒருநாள் ரிச்சி தெரு மதிய வெயிலில் நிற்க வைக்கவேண்டும். இரண்டாம் தடவை சேவ் ஆனது, ஆனால் பட்டியலில் அதன் பக்கத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டுத் தேர்வு செய்யவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் சரி, அப்படியும் வரவில்லை, அரை மணி நேரம் கண் வலிக்கப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கீபோர்டு தானாகச் சொல்லை முடித்துக் கொடுத்தபோது கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காலி இடம்! அதை அழித்து, சேவ் செய்து, ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்ததும் 4ஜி என்று வந்தது. அம்மாவின் வாட்ஸ்அப்பில் வரிசையாக இருபத்தேழு குட் மார்னிங் வந்து விழுந்தன.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடுவே யூடியூபும் பார்த்தேன், அதனால் ஒரு எச்சரிக்கை. இந்த ஏபிஎன் போட்டால் நெட் ராக்கெட் வேகம் என்று ஏகப்பட்ட தமிழ் வீடியோக்கள் இருக்கின்றன. சர்வர் என்ற கட்டத்தில் கூகுள் முகவரியைப் போடு, பேரர் என்ற கட்டத்தில் எல்டிஇ, அதாவது 4ஜி, மட்டும் வை என்பார்கள். அந்த சர்வர் கட்டத்தால் நெட்டின் வேகத்துக்கு ஒன்றும் ஆகாது. பேரரில் எல்டிஇ மட்டும் வைத்தால், 4ஜி கிடைக்காத இடத்தில் அந்த வாசலையே போன் பயன்படுத்தாது, இருக்கிற கொஞ்ச நெட்டும் போகும். வேகம் என்பது டவரையும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தையும் பொறுத்தது. சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் நின்றுகொண்டு எந்த ஏபிஎன்னைப் போட்டாலும் பைப்பில் வருகிற தண்ணீர்தான் வரும். முன்பின் தெரியாத ஒரு பெயரையோ ப்ராக்ஸியையோ போடச் சொன்னால் போடாதீர்கள், உங்கள் நெட் யார் வீட்டு வழியாகப் போகும் என்று தெரியாது.

சரி, நெட் வந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் "டேய், அக்காவுக்குப் போன் போகவே மாட்டேங்குதுடா" என்று வந்து நிற்கிறார். இதற்கு ஏபிஎன் மருந்தாகாது. 4ஜியில் பேச்சு போக வேண்டுமானால் வோல்ட்இ வேண்டும், அந்த வோல்ட்இ நம் நிறுவனத்தோடு வேலை செய்ய போனுக்குள்ளேயே அதற்கான ஏற்பாடு இருக்கவேண்டும், ஜப்பான் சாஃப்ட்வேரில் ஜப்பான் நிறுவனங்களுக்குத்தான் அது இருக்கிறது. ஸ்டார் ஹேஷ் ஸ்டார் ஹேஷ் 4636 என்று ரகசிய மெனுவெல்லாம் திறந்து பார்த்தேன், வோல்ட்இ பொத்தான் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடக்கிறது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி என்று எதுவும் கிடையாது, ஆகவே வோல்ட்இ இல்லாத போனில் ஜியோ சிம் போட்டால் நெட் ஓடும், சாதாரண கால் போகாது, வராது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம் என்றால் கால் வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசும், பேசி முடிக்கும்வரை நெட் நிற்கும். அம்மாவின் சிம்மை எடுத்துவிட்டு என் இரண்டாவது சிம்மைப் போட்டேன், அது அப்படித்தான் ஓடியது. அம்மாவுக்கு அந்த நம்பர் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அலைவரிசையையும் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் 4ஜிக்கு முக்கியமான 40-ஆம் பேண்ட், அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், இந்தப் போனில் இல்லை. சுவரைத் தாண்டி உள்ளே வரக்கூடிய 850-உம் இல்லை. 1800 இருப்பதால் வண்டி ஓடுகிறது. வாசலில் நல்ல வேகம், எங்கள் பின்கட்டுச் சமையலறையில் ஒரு கோடு. மாடல் எண்ணை வைத்து எந்தெந்த பேண்ட் இருக்கிறது என்று தேடுவது ஐந்து நிமிட வேலை, கடைக்குப் போகுமுன் செய்திருக்கலாம், செய்யவில்லை.

ஹாட்ஸ்பாட்டும் சொதப்புகிறது. அதை ஆன் செய்தால் போன் தானாகத் தன் ஜப்பான் வாசலுக்கே திரும்பிப் போய் நின்றுவிடுகிறது, லேப்டாப்பிலும் நெட் இல்லை, போனிலும் இல்லை. ஏபிஎன் வகையில் டிஃபால்ட் என்பதோடு கமா போட்டு டியுஎன் சேர்த்துப் பாருங்கள் என்றார்கள். சேர்த்தேன், பலிக்கவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். ஜப்பானில் விற்கும் போன்கள் பலவற்றில் படம் எடுக்கும்போது வரும் ஷட்டர் சத்தத்தை அணைக்க முடியாது, யாருக்கும் தெரியாமல் படம் எடுப்பதைத் தடுக்க அங்கே அப்படி ஒரு வழக்கம். சைலன்ட்டில் வைத்தாலும் "டக்" என்று கேட்கும். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா பேரனை அம்மா படம் எடுத்தார், வீடே அரை மணி நேரம் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றியது.

கடைக்காரரிடம் மறுபடி போனேன். திட்டவில்லை, அவரும் மறைக்கவில்லை: "நெட் செட்டிங் நம்ம பையனே போட்டுக் கொடுத்திருப்பான் சார், நீங்க கேக்கல. கால் மேட்டர் எந்த சிம்னு சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." பக்கத்தில் இருந்த பையன் என் போனை வாங்கி, ஏபிஎன்னை அழித்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டினான், நாற்பது நொடி, பார்க்காமலே மூன்று புள்ளியைத் தொடுகிறான். காசு வாங்கவில்லை. அதற்காகக் கடைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். போனுக்கு, இரண்டாவது போனாக வைத்துக்கொள்பவர் என்றால் நான்கு, பெற்றோருக்கு வாங்குபவர் என்றால் ஒன்றரை.

ஆகவே ஜப்பான் பீஸ் இப்போது என்னிடம், என் போன் அம்மாவிடம். கால் போகிறது, நெட் ஓடுகிறது, எந்தச் செட்டிங்கும் தேவைப்படவில்லை. நேற்றுக் காலை வாசல் கோலத்தைப் படம் எடுத்துவிட்டு நான்கைந்து தடவை திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். "இதுல டக்குனு சத்தமே வரலையேடா, எடுத்துச்சா எடுக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"