அரிய ஜெர்மன் குடும்பப்பெயருக்கு வேர் தேட ஓர் இணைய அகராதி

மைன்ஸ் நகரின் அறிவியல், இலக்கிய அகாதெமி 2012 முதல் உருவாக்கிவரும் ஜெர்மன் குடும்பப்பெயர் அகராதிக்குக் கட்டணமே கிடையாது. பெயரின் பொருளோடு, அது எங்கெங்கே எவ்வளவு எண்ணிக்கையில் இருக்கிறது என்பதையும் வரைபடத்தோடு காட்டுகிறது. பொருள் விளக்கம் அருமை. ஆனால் அரிய பெயர்கள் பலவற்றுக்கு அது இன்னும் எழுதப்படவில்லை.

எண்ணிக்கையில்தான் கவனம் வேண்டும். அது 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளின் கணக்கு. ஓர் இணைப்பு என்றால் ஒரு வீடு, ஓர் ஆள் அல்ல. கைபேசி மட்டும் வைத்திருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. பத்துப் பதினைந்து இணைப்புள்ள பெயரில் ஒரே ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தாலும் வரைபடம் மாறிவிடும்.

வரைபடத்தில் புள்ளி அடர்ந்த இடமே பூர்விகம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 'கிரெட்ச்மர்' அவ்வளவு அரிய பெயரல்ல, ஆனால் நல்ல பாடம். ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த, சத்திரக்காரரைக் குறிக்கும் சொல் அது. இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சைலீசியாவில் வேரூன்றிய பெயர், 1945-க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டதால் மேற்கு ஜெர்மனியெங்கும் சிதறியது.

தேடும்போது மாற்றெழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். மையர் என்ற ஒலிப்புக்கே நாலைந்து எழுத்துமுறை உண்டு. பிறகு பதிவேடுகள்: பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு ஜெர்மனி முழுவதும் 1876-இல்தான் வந்தது. அதற்கு முந்தையதற்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகளே கதி; கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை மாட்ரிகுலா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.